சந்தனமாரியின் அசைவு நோட்டு

ஏப்ரல் 17, வியாழன்

இன்று முதல் நான் ஆராய்ச்சியில் இருக்கிறேன். தூத்துக்குடி உப்பளப் பக்கத்தில் இதுவரை எந்த ஆம்பளையும் இந்தப் பதவிக்கு வந்ததில்லை. சமுதாயக் கூடத்தில் முப்பது பெண்கள், நடுவில் பலவேசமாகிய நான் ஒருவன். ஆகவே இந்த டைரியைத் தொடங்குகிறேன். உப்பு ஏஜெண்டு போன வருஷம் கொடுத்த டைரி. கிழமைகளை அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

விவரம் இது. வெயிலில் உப்பு வாருகிற கர்ப்பிணிகளின் உடம்புச் சூடு வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். என் அக்காள் மகள் சந்தனமாரி அதில் சேர்ந்திருக்கிறாள். ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, ஒன்று ஐந்தாம் மாதத்தில். அக்காள் இறந்து ஆறு வருஷம். மாரியின் புருஷன் லிங்கதுரை லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நாலு நாள் ஊரிலிருந்தால் அதிகம். அதனால் அவள் இப்போது எங்கள் வீட்டில்தான். இந்தப் பிள்ளை உயிரோடு கைக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் வேறு வேண்டுதல் கிடையாது.

பிரிசில்லா என்ற பெண்தான் ஆராய்ச்சிக்காக வீடு வீடாக வருகிறவள். ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்தாள். தினமும் மத்தியானம் சாப்பிட்ட பிறகு தாய் இடப்பக்கம் சரிந்து படுத்து, இரண்டு மணி நேரம் பிள்ளையின் அசைவுகளை எண்ண வேண்டும். கூட இருப்பவர் கடிகாரம் பார்த்து எழுத வேண்டும். பத்துக்குக் குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

"உங்க வீட்டுல யாரு எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்மா. எட்டாங்கிளாஸ்ல ஸ்கூலுக்கே முதலாவது" என்றேன்.

"எட்டாங்கிளாஸ ரெண்டு வருஷம் படிச்சாரு, அதயும் சொல்லச் சொல்லு" என்றாள் என் பெண்டாட்டி வேலம்மாள். கூடமே சிரித்தது.

அந்த வருஷம் பரீட்சை அன்று புயலில் பள்ளிக்கூடக் கூரை பறந்தது. பதினேழு பிள்ளைகளை நான் ஒருத்தனே தூக்கி வெளியே விட்டேன். அப்புறம் எங்கே பரீட்சை எழுத?

ஏப்ரல் 20, ஞாயிறு

முதல் கணக்கு. பாயில் மாரி. நாற்காலியில் நான். மடியில் நோட்டு, காதில் பென்சில்.

"ஒண்ணு" என்றாள். குறித்தேன். "ரெண்டு. மாமா, இது பெரிசு." குறித்தேன். இரண்டு மணி நேரத்தில் பதினெட்டு.

"உள்ள என்னடி பண்ணுது?" என்று அடுக்களையிலிருந்து வேலம்மாள் கேட்டாள்.

"குடம் நெறைய மீனு கெடந்து துள்ளுத மாதிரி இருக்கு அத்தை."

மாரி இப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

ஏப்ரல் 24, வியாழன்

வாரா வாரம் வியாழக்கிழமை கூடத்தில் நோட்டைக் காட்ட வேண்டும். எங்களுடையது 18, 15, 21, 16. பிரிசில்லா பார்த்துவிட்டு, "கரெக்டா எழுதியிருக்கீங்க அண்ணாச்சி" என்று கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான். அடுத்து, இன்னொரு கர்ப்பிணியான முத்துரதியின் மாமியார் நோட்டை நீட்டினாள். 31, 28, 34. "அடேயப்பா, நல்ல சுறுசுறுப்பு!" என்றாள் பிரிசில்லா. அந்த அம்மாள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

பதினைந்தும் பாஸ்தான். ஆனால் என் அக்காளின் பேரப்பிள்ளை வெறும் பாஸ் மட்டும் வாங்குகிற பிள்ளையா? நான் மூச்சடக்கி முங்கினால் கரையிலிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்த ரத்தம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாரி ஒன்பது எண்ணும்போது தூங்கிவிட்டாள். விடியக்காலம் மூன்று மணிக்கு அளத்துக்குப் போகிறவள், பாவம். பாத்தியில் பலகை இழுத்து, உப்பைச் சட்டியில் சுமந்து கரையில் கொட்டிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வருகிறாள். எழுப்ப மனம் வரவில்லை. மீதியை நானே பார்த்துக்கொண்டேன். வயிற்றின் மேல் சேலை அசைந்தால் ஒன்று. அப்படி நான் கண்ணால் கண்டது இருபத்து நாலு. மொத்தம் 33.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததுதான். ஆனால் காற்றில் அசைவதற்கும் பிள்ளை அசைப்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நானில்லை.

மே 1, வியாழன்

"முப்பத்தாறா! அண்ணாச்சி, உங்க வீட்டுக் குழந்தை ஃபுட்பால் ஆடுது போல" என்றாள் பிரிசில்லா. முத்துரதியின் மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சாயங்காலம் டீக்கடையில் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்கு வெளிச் சத்தம் கேட்கும், அம்மா சாப்பிடுவதன் ருசி தெரியும் என்று பிரிசில்லா சொன்னதைச் சொன்னேன். என் குரல் கேட்டால் எங்கள் பிள்ளை திரும்பிப் படுக்கிறது, கட்சிக்காரன் மைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறது என்பதை நானாகச் சேர்த்தேன்.

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மாரியின் வயிற்றில் ஒரு பட்டி கட்டியிருக்கிறார்கள். விண்வெளிக்குப் போகிறவர்கள் கட்டுவது. உடம்புச் சூட்டை அதுவே குறித்துக்கொள்ளும். இன்று பிரிசில்லா அதைப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"மாரி, பத்து மணிக்கு மேல நீங்க வெயில்ல நிக்கவே கூடாது. உங்களுக்குச் சூடு ஏறினா உங்க உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், குளிர்விக்கிறதுக்கு. அப்போ நஞ்சுக்கொடிக்குப் போற ரத்தம் குறையுதான்னுதான் நாங்க பாக்கோம். குழந்தைக்கு வேர்க்காதுல்லா. அதோட சூட்டை நீங்கதான் வாங்கி வெளிய விடணும்."

"பாத்திய விட்டா அடுத்த சீசனுக்கு வேற ஆளுக்குக் குடுத்துருவாவ மேடம்."

"ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா நிழல்ல உக்காரவாவது செய்ங்க."

"நிழலு எங்க இருக்கு அங்க?" என்றாள் மாரி. உண்மைதான். அளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்பது மனிதர்கள் மட்டும்தான்.

அவளுக்குப் பதில் நான் போயிருப்பேன். ஓடுகிற லாரியை ஒற்றை ஆளாக மறித்து நிறுத்தியதில் முழங்கால் போயிற்று. வேலம்மாள் சைக்கிள் என்பாள்.

மே 11, ஞாயிறு

35. மாரி ஏழில் தூங்கினாள்.

மே 15, வியாழன்

மழை வரும் என்றார்கள். வரவில்லை. தண்ணீர்க் குடம் நான்கு எடுத்து வைத்தேன். 37.

மே 22, வியாழன்

கூடத்தில் பிரிசில்லா எங்கள் நோட்டை உயர்த்திக் காட்டி, "ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்காங்க. எல்லாரும் இப்படி எழுதணும்" என்றாள். பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு இதுவரை யாரும் கை தட்டியதில்லை. அதாவது இந்தக் கூடத்தில்.

மே 29, வியாழன்

முத்துரதிக்குச் செவ்வாய்க்கிழமை ஆறுதான் வந்ததாம். மாமியார் நோட்டில் ஆறு என்று எழுதி, அந்த நோட்டோடேயே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸ்கேன் பார்த்து அன்றே அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறான். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள்.

"முப்பத்தி நாலு, முப்பத்தி நாலுன்னு குதிச்சாளே, ஆறுக்கு வந்துட்டால்ல!" என்றேன் வேலம்மாளிடம்.

"வாயக் கழுவும்" என்றாள்.

மாரி வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "மாமா, நேத்து நமக்கு எத்தன?" என்றாள்.

"முப்பத்தஞ்சு."

"நெசமாவா? நான் முழிச்சிருக்கும்போது அவ்வளவு தெரியலயே."

"நீ கண்ண மூடினதும்தான அவன் ஆட்டத்தயே தொடங்குதான். கள்ளப்பய."

நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது. ஒரு நோட்டால் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நிம்மதி கொடுக்க முடிகிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

"உள்ள அமைதியா இருக்க மாதிரி இருக்கு மாமா" என்றாள் மாரி. இடம் குறைந்துவிட்டது, பிள்ளை வளர்ந்துவிட்டது, புரள முடியாது என்று விளக்கினேன். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானாகவே கண்டுபிடித்தது. 32.

ஜூன் 14, சனி

வேலம்மாள் மாரியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் தட்டலயே?"

"ஒங் கை காய்ப்புக்கு யானை மிதிச்சாலும் தெரியாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீரு எழுதுததுல எம்புட்டு அவ எண்ணுனது, எம்புட்டு நீரு எண்ணுனது?" என்று கேட்டாள். படிக்காதவளிடம் ஆராய்ச்சியைப் பற்றி என்ன பேச? எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாரி இன்று தூங்கவில்லை. மூன்றிலிருந்து ஐந்து வரை கண்ணைத் திறந்துகொண்டே படுத்திருந்தாள். இடையில் எழுந்து பனங்கற்கண்டு கரைத்துக் குடித்துவிட்டு வந்து மறுபடி படுத்தாள்.

"நாலுதான் மாமா" என்றாள்.

"சரியா கவனிச்சியா?"

"கவனிச்சேன். அதுலயும் கடைசியா வந்தது அவன்தானா, எங் குடலான்னு தெரியல. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"நேத்து முப்பத்தி மூணு வாங்குனவன் இன்னைக்கு நாலுன்னா, தூங்குதான்னு அர்த்தம். வயித்துப் பிள்ளையும் தூங்கும்னு பிரிசில்லாவே சொல்லியிருக்கால்லா? ரெண்டு பஸ் மாறி இந்த வெயில்ல ஒன்னிய அலைய விடவா?"

"முத்துரதி போனாளே."

"அவளுக்கு ஏற்கனவே கொறஞ்சிட்டே வந்துச்சு. நம்ம நோட்டப் பாரு."

பார்த்தாள். "ஆமா, நேத்து முப்பத்தி மூணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படுத்துவிட்டாள்.

நாலு என்று எழுதப் பென்சிலை வைத்தேன். அறுபது நாளில் ஒரு நாள் கூடக் குறையாத நோட்டு. நாளை மறுநாள் கூடத்தில் காட்ட வேண்டும். சராசரி போட்டு 29 என்று எழுதினேன். சராசரி போடுவது அறிவியலில் உள்ளதுதான்.

ஜூன் 18, புதன்

மாரி அளத்துக்குப் போகவில்லை. அசதி என்றாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். 30.

ஜூன் 19, வியாழன்

மாரி வரவில்லை என்றாள். நான் மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"மாரி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா."

கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் 31.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நான் எழுந்தபோது வீட்டில் யாருமில்லை. வேலம்மாள் மாரியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை எழுதுகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

பெண் பிள்ளை. இரண்டு கிலோ நூறு. தலை நிறைய முடி. மூக்கு என் அக்காளுடையது. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மருந்து கொடுத்துப் பெறவைத்தார்கள். பதினாறு மணி நேரம். கடைசியில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கேட்காது என்று முதலிலேயே தெரிந்திருந்தும் நான் கதவருகில் நின்று காத்திருந்தேன்.

டாக்டரம்மா என்னையும், லாரியை விட்டுவிட்டு வந்திருந்த லிங்கதுரையையும் கூப்பிட்டுச் சொன்னாள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை. பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்திருக்கும்.

"முன்னாலயே வந்திருந்தா?" என்று லிங்கதுரை கேட்டான்.

"உறுதியா சொல்ல முடியாது. சில சமயம் காப்பாத்தியிருக்கோம்."

"எப்பம் துடிப்பு நின்னுச்சு டாக்டர்?" என்றான்.

"நீங்க வெள்ளிக்கிழமை காலையில வந்தீங்க. அதுக்கு ஒரு நாளைக்கு மேல ஆயிருக்கும்."

வியாழக்கிழமை நான் எழுதியது முப்பத்தொன்று.

ஜூன் 23, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 26, வியாழன்

மாரிக்குப் பால் கட்டிக்கொண்டது. வேலம்மாள் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். "வலிக்கு அத்தை" என்றாள். "வலிக்கும்" என்றாள் வேலம்மாள்.

டீக்கடைக்குப் போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மாரி நோட்டைக் கேட்டாள். ஒளித்து வைத்திருக்கலாம். அலமாரியின் மேலேதான் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். "இந்த நாப்பது வந்த அன்னைக்கு அவளுக்கு என்ன சந்தோசமோ" என்றாள். பிறகு, "போட்டோகூட எடுக்கல மாமா. அவளோடதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

நாற்பது வந்த நாள் மே பத்தொன்பது. அன்று மாரி படுத்தவுடனே தூங்கிவிட்டாள். நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். எழுந்தபோது மணி ஐந்தரை.

வேலம்மாள் எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பிரிசில்லா வந்தாள். தரையில் மாரியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"கடைசி நாள் வரைக்கும் நல்லாத்தான் ஆடிச்சு மேடம். ஒரு நாள் மட்டும் எனக்குத்தான் எண்ணத் தெரியல" என்றாள் மாரி. "நான்தான் என்னமோ பண்ணிட்டேன். வெயில்ல நின்னேன்லா."

"அப்படிச் சொல்லாதீங்க மாரி."

"உங்க நோட்டுல பாருங்க. முப்பது, முப்பத்தொண்ணு. எல்லாம் எம்மேலதான்."

பிரிசில்லா என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். நோட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவதாகச் சொன்னாள். "இது ரொம்ப முக்கியமான நோட்டு அண்ணாச்சி. அசைவு கொஞ்சமும் குறையாமலே குழந்தை போயிருக்கு. அப்படின்னா அசைவை எண்ணி மட்டும் பிரயோஜனமில்லையோன்னு நாங்க யோசிக்கணும். மத்த பொம்பளைங்களுக்கு என்ன சொல்லுறதுன்னே மாத்த வேண்டியிருக்கலாம்."

கூடத்தில் இன்னும் இருபத்தெட்டுப் பெண்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முத்துரதியின் பையன் கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டானாம்.

நான் தலையை ஆட்டினேன். நோட்டு அவள் பைக்குள் போயிற்று.

ஜூலை 3, வியாழன்

பஸ் ஏறி ஆராய்ச்சி ஆபீசுக்குப் போனேன். வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கண் மங்கல் என்று ஒன்று. கடிகாரம் ஓடவில்லை என்று ஒன்று. மூன்றாவதும் நன்றாகத்தான் இருந்தது.

பிரிசில்லா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நான், "அந்த நோட்டுல உள்ளது பொய்ம்மா" என்றேன். அதற்குப் பிறகு அந்த மூன்றும் வாயில் வரவில்லை.

"ஏன் அண்ணாச்சி?" என்றாள்.

"கொறச்சலா எழுத மனசு வரல."

"எண்ணத் தெரியலன்னு அவங்க சொன்னாங்களே, அன்னைக்குமா?"

"அன்னைக்குந்தான்."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வந்து நோட்டை மேஜையில் வைத்துச் சிவப்புப் பேனா கொடுத்தாள். உண்மையான நாட்களைச் சுற்றி வட்டம் போடச் சொன்னாள். போட்டேன். முதல் ஏழு நாள். அப்புறம் ஜூன் பதினேழில் இருபத்தொன்பதை அடித்து, நாலு என்று எழுதி வட்டம் போட்டேன். அறுபத்தொரு நாளில் எட்டு நாள்.

"இதை மாரிகிட்ட நான் சொல்லணும். இது அவங்க நோட்டு" என்றாள். "நான் சொல்லவா, நீங்க சொல்லுறீங்களா?"

ஜூலை 4, வெள்ளி

காலை பத்து மணிக்குச் சொன்னேன். மாரி பாயில் உட்கார்ந்திருந்தாள். லிங்கதுரை லாரிக்குப் போயிருந்தான். வேலம்மாள் கதவில் சாய்ந்து நின்றாள், எனக்கு உதவிக்கு இல்லை.

நோட்டைக் கொடுத்துவிட்டு, வட்டம் போட்டது மட்டும்தான் நிஜம் என்றேன்.

மாரி பக்கங்களைப் புரட்டினாள். ஏழு வட்டம். அப்புறம் வட்டமில்லாத பக்கங்கள். மெதுவாகத்தான் புரட்டினாள். நாலு இருந்த பக்கத்துக்கு வந்ததும் நின்றாள்.

"அப்பம் எனக்குத் தெரிஞ்சதுதான் சரி" என்றாள்.

"ஆமா தாயி."

"எங் கிறுக்குன்னு நெனச்சேன். நீங்க எழுதி வச்சிருக்கியளே, எனக்குத்தான் புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சேன்."

அடிப்பாள், நோட்டை என் மூஞ்சியில் எறிவாள் என்று இருந்தேன். அவள் திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனாள். பதினெட்டு, பதினைந்து, இருபத்தொன்று என்று ஏழு வரியையும் விரலால் தொட்டாள். பிறகு வட்டமில்லாத ஒரு பக்கத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.

"மிச்ச நாளெல்லாம் அவ என்ன செஞ்சா மாமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.